இருபது அடி வீட்டில் எத்தனை வினாடி?

லயன் வீட்டுக்குள் திருடன் நுழைவது சுலபம். யாருக்கும் தெரியாமல் நுழைவதுதான் கஷ்டம். கராய், எங்கோர், சாலாக் உத்தாரா, லிந்தாங் என்று கோலா கங்சாரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல லயன்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. முதல் வீட்டுத் தாத்தா இருமினால் மூன்றாம் வீட்டுப் பிள்ளை புரண்டு படுக்கும். கட்டிப் போடாத நாய்கள் ராத்திரி முழுக்கச் சுற்றும். பெரட்டுக்குப் போக விடியுமுன்பே அடுப்பு மூட்டும் ஆட்கள் இருப்பார்கள். பூட்டு என்னவோ பேருக்குத்தான்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாயின. பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிவந்தார்கள். இன்றைய தாமான் வீட்டுக்கு இரும்பு கேட் இருக்கிறது, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் கிரில் இருக்கிறது, ஜன்னலுக்கெல்லாம் கம்பி இருக்கிறது. சுவர் செங்கல். அறைக்கதவை மூடி ஏர்கண்டிஷனைப் போட்டுவிட்டால் அடுத்த வீட்டில் ஆளே கத்தினாலும் காதில் விழாது. இரும்பு கூடியிருக்கிறது, காது குறைந்திருக்கிறது. வீடு புகுந்து கொள்ளையடிப்பவர்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பது பற்றி அறிவியல் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு இழப்பைச் சுற்றியே நிற்கிறது.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் அணுசக்திக் கூடங்களைக் காப்பதற்காக 1970களில் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். எந்தக் காவல் ஏற்பாட்டிலும் மூன்று நேரங்கள் உண்டு. வந்தவனைக் கண்டறிய ஆகும் நேரம், தடைகள் அவனைத் தாமதிக்க வைக்கும் நேரம், உதவி வந்து சேர ஆகும் நேரம். இதில் கறாரான விதி ஒன்றுண்டு: கண்டறிவதற்கு முன்னால் ஆன தாமதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். குசினிக் கிரில்லின் பூட்டை அறுக்க ஒருவனுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் வேலியைத் தாண்டும்போதே நாய் குரைத்து நீங்கள் விழித்துவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் உங்களுடையது. பூட்டு தெறித்து விழும் ஓசையில் விழித்தால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. அதே பூட்டு, கொடுத்த விலையும் அதேதான். நம்மவர்கள் கொள்ளைச் செய்தி கேட்ட மறுநாளே கடைக்கு ஓடி இன்னும் கனமான பூட்டாக வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. பூட்டு வேண்டாம் என்றில்லை. முதல் செலவு அதுவல்ல.

இந்த வட்டாரத்துக்கு இந்தப் பாடம் ஒருமுறை ரத்தத்தோடு வந்திருக்கிறது. கோலா கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16ஆம் தேதி காலை, சைக்கிளில் வந்த மூன்று பேர் எல்ஃபில் தோட்ட அலுவலகத்துக்குள் போய் அதன் நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அந்தக் காலையில் உடைக்கப்பட்ட பூட்டு எதுவுமில்லை. பட்டப்பகலில், தோட்டத்துச் சாலையில், சைக்கிளில் வருகிறவனை யார் நிறுத்திக் கேட்பார்கள்? கண்டறிவது என்ற முதல் படியே அங்கே இருக்கவில்லை.

அதன் பிறகு தொரைமார் பங்களாக்கள் எப்படி மாறின என்பதைக் கவனிக்க வேண்டும். சுவரோரம் மணல் மூட்டை அடுக்கியது எல்லோருக்கும் தெரிந்த படம். அதைவிட முக்கியமான வேலை வெளியே நடந்தது. பங்களாவைச் சுற்றிப் புதர் வெட்டப்பட்டது, முள்கம்பி போடப்பட்டது, விளக்குகள் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பப்பட்டன, ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவலிருந்தார்கள். வருகிறவனைச் சுவருக்கு எவ்வளவு தூரத்தில் முதலில் பார்க்கிறோம் என்பதை நீட்டிக்கொண்டே போனார்கள். தொழிலாளர் லயன்களுக்கு அந்த யோகம் உடனே கிடைக்கவில்லை. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது லயன்களும் கம்பி வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. அந்த வேலி தொழிலாளரைக் காக்கப் போட்டதா, கண்காணிக்கப் போட்டதா என்ற கேள்விக்குப் பழைய ஆட்களிடம் ஒரே பதில் கிடைக்காது.

இன்றைக்கு வருவோம். வரிசை வீட்டின் அகலம் பொதுவாக 20 அடி, கொஞ்சம் தாராளமென்றால் 22 அடி. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரப் போலிஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். கத்தியோடு ஓடிவரும் சராசரி மனிதன் 21 அடி தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி போதும். உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற போலிஸ்காரரே அதற்குள் அதை உருவிச் சுடுவது சிரமம் என்பதுதான் அவர் எடுத்துக்காட்ட வந்தது. நம் ஹாலின் குறுக்களவும் அதேதான். பாராங்கோடு ஒருவன் ஹாலுக்குள் வந்துவிட்டான் என்றால் உங்களுக்கும் அவனுக்கும் இடையில் இருப்பது ஒன்றரை வினாடி. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் கட்டையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் ஆண்கள் இதை ஒருமுறை நடந்து பார்க்கலாம். கட்டில் இருக்கும் இடத்திலிருந்து.

ஆகவே நேரத்தை வாங்க வேண்டிய இடம் சுவருக்கு வெளியே. இதில் நம் சீதோஷ்ணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் தைப்பிங் நமக்குப் பக்கத்து ஊர். பின்பக்கம் குசினிக்கு நீட்டிப் போட்ட தகரக் கூரையில் அடைமழை விழும்போது இரும்பை அறுக்கும் சத்தமும் அதில் கரைந்துபோகும். மழைக்கு நாயும் ஒதுங்கிவிடும். காதை நம்பும் ஏற்பாடு தோற்கிற இரவுகள் இவை. அந்த இரவுகளுக்கு வெளிச்சம் வேண்டும். ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் விளக்கைப் பின்சந்தைப் பார்த்துப் பொருத்துவது அதிகச் செலவில்லாத காரியம்.

கண்ணின் இயல்பும் வீட்டுக்காரருக்குச் சாதகமானது. இருட்டுக்கு விழித்திரை முழுமையாகப் பழக அரை மணி நேரம் போல் ஆகும். பளிச்சென்ற ஒரு வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். வெளியே விளக்கெரிந்து உள்ளே இருட்டாக இருந்தால் உங்களுக்கு அவனைத் தெரியும், அவனுக்கு உங்களைத் தெரியாது. ஓசை கேட்டதும் ஹால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பவர் இந்தச் சாதகத்தை அப்படியே அவன் கையில் கொடுக்கிறார். தன் வீட்டின் வரைபடம் ஒவ்வொருவர் மூளையிலும் இருக்கிறது. ஹிப்போகாம்பஸில் இடமறியும் செல்கள் இருப்பதை 1971இல் வெளியிட்ட ஜான் ஓகீஃப் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாட்டி இருட்டில் தடுமாறாமல் தண்ணீர்ப் பானைக்குப் போவதும் அந்தச் செல்களின் தயவால்தான். வந்தவனுக்கு அந்த வரைபடம் கிடையாது.

ராத்திரி ஆபத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். காரில் வீட்டுக்கு வந்து ஆட்டோ கேட் திறந்து மூடும் அந்தச் சில வினாடிகளில் எல்லாத் தடைகளும் தாமாகவே விலகி நிற்கின்றன. கல்யாண வீட்டிலிருந்து நகையோடு திரும்பும் இரவில் இதைவிடப் பலவீனமான நேரம் இல்லை. சந்து முனையிலேயே வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் பார்ப்பதும், தெரியாத மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தால் நிற்காமல் நேராகப் போலிஸ் நிலையத்துக்கு ஓட்டுவதும் கூச்சப்பட வேண்டிய காரியங்களல்ல.

தூங்கும் மூளையைப் பற்றிய ஆய்வுகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. உறக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்த மனிதனின் சிந்தனை முதல் சில நிமிடங்களுக்கு, இரவு முழுக்கக் கண்விழித்தவனுடையதைவிட மோசமாக இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2006இல் இதை அளந்து காட்டினார்கள். கதவு உடையும் சத்தத்தில் எழுகிறவர் அந்த நிமிடத்தில் புதிதாக எதையும் யோசித்துத் தீர்மானிக்க முடியாது. அவருக்கு உதவப்போவது பகலில் தீர்மானித்து வைத்தது மட்டுமே.

பிள்ளைகள் விஷயம் இன்னும் விசித்திரம். அதே 2006இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் 6 முதல் 12 வயது வரையுள்ள 24 பிள்ளைகளை ஆழ்ந்த உறக்கத்தில் சோதித்தார்கள். வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவியின் கீச்சொலிக்கு எழுந்தவர்கள் 14 பேர். பெயர் சொல்லிக் கூப்பிடும் தாயின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டபோது எழுந்தவர்கள் 23 பேர். எழ ஆன நேரத்தின் இடைநிலை அளவு குரலுக்கு 20 வினாடி, கீச்சொலிக்கு 3 நிமிடம். அடுத்த அறைப் பிள்ளைகள் அலாரம் கேட்டுத் தாமாக எழுந்து வருவார்கள் என்று எழுதப்பட்ட திட்டம் காகிதத்தோடு சரி. யாராவது ஒருவர் போய்ப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். அது யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா அம்மா இருவரும் ஒரே பிள்ளையிடம் ஓடுவார்கள், அல்லது இருவருமே வாசலுக்கு ஓடுவார்கள். பெரியவர்களுக்கு இதன் மறுபக்கம். வயதாக ஆக உச்ச சுருதி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. தாத்தாவும் பாட்டியும் படுத்திருக்கும் அறைக்குக் கீச்சென்று கத்தும் கருவியைவிடக் கட்டைக் குரல் கருவி மேல்.

இனி பயம். ஆபத்து என்று மூளையின் அமிக்டலா உணர்ந்த சில வினாடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் படபடக்கிறது, பார்வை ஒரே புள்ளியில் குவிகிறது, விரல்களின் நுட்பமான வேலைகள் கெடுகின்றன. கைப்பேசியைத் திறக்கும் இலக்கங்களே கைக்கு வராமல் போகலாம். எதிர்த்து நில் அல்லது ஓடு என்பது உடலின் பதில் என்று வால்டர் கேனன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். மூன்றாவதாக, உறைந்து நிற்பதும் உண்டு. விபத்துகளில் உயிர் தப்பியவர்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் லீச், 2004இல் இதற்கொரு விளக்கம் தந்தார். பழகிய நிலைமைக்கு மூளை முன்பே வைத்திருக்கும் பதிலை ஓரிரு வினாடியில் எடுத்துவிடுகிறது. முன்பின் பார்த்திராத நிலைமைக்குப் புதுப் பதில் செய்ய அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகிறது. அந்த இடைவெளிதான் உறைதல். அது கோழைத்தனமன்று. கொள்ளை நடந்த வீட்டில் "நீ ஏன் சும்மா நின்றாய்?" என்று கேட்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பதிலை முன்பே செய்து வைக்க வழியுண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் ஆராய்ந்த முறை அது. "ஜாக்கிரதையாக இருப்போம்" என்ற நல்ல எண்ணம் நெருக்கடியில் செயலாக மாறுவதில்லை. "இது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று ஒரு நிகழ்வையும் ஒரு செயலையும் முடிச்சுப் போட்டால் மாறுகிறது. 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வில் இந்த முடிச்சின் பலன் தெளிவாகத் தெரிந்தது. கூடவே 1952இல் வில்லியம் ஹிக் கண்ட விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரம் கூடும். அதனால் ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்கு: "நாங்கள் பேசி வைத்த எச்சரிக்கைச் சொல்லை அவர் சத்தமாகச் சொன்னால் நான் பிள்ளைகள் அறைக்குப் போவேன்." மூத்தவளுக்கு: "அம்மா எழுப்பினால் தம்பி கையைப் பிடித்துப் பாட்டி அறைக்குப் போவேன்." அப்பாவுக்கு: "கடைசி ஆள் உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டு 999க்கு அடிப்பேன்." என்ன ஓசை என்று பார்க்கப் போவேன் என்ற வாக்கியம் இதில் யாருக்கும் இல்லை. சொல்லித் தந்தால் பிள்ளை பயந்துவிடுமே என்பார்கள். பள்ளியில் தீப்பயிற்சி செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகள்தானே இவர்கள்.

எந்த அறையில் கூடுவது? பெரிய அறை, வசதியான அறை என்று தேர்ந்தெடுப்பது வழக்கமான தவறு. வீட்டில் எல்லோரையும்விட மெதுவாக நடப்பவர் யார் என்று பாருங்கள். மூட்டுவலிக்காரப் பாட்டி கீழறையில் படுத்திருந்தால் கூடும் இடம் பாட்டியின் அறை. அவரை மாடிக்கு ஏற்றும் திட்டம் எந்த இரவிலும் நிறைவேறாது. அந்த அறைக்கதவுதான் இப்போது மிக முக்கியமான பூட்டு. கண்டறிந்த பிறகு கிடைக்கும் தாமதம் அது, கணக்கில் முழுசாகச் சேரும். உள்ளறைக் கதவுகள் பெரும்பாலும் நடுவில் வெற்றாக இருக்கும் பிளைவுட். உதைக்கும் விசை முழுவதும் குமிழருகே உள்ள சின்ன நாக்கில் போய்க் குவிகிறது. கெட்டிப் பலகைக் கதவு போட்டு, மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்தால் அந்த விசை மூன்று இடங்களாகப் பிரிந்துவிடும். ஒரு பழைய கைப்பேசியை அங்கே எப்போதும் சார்ஜில் வைத்து, பக்கத்தில் வீட்டு முகவரியை மலாய்மொழியில் எழுதி ஒட்ட வேண்டும். 999இல் முதலில் எடுப்பவர் போலிஸா, பொம்பாவா, ஆம்புலன்ஸா என்று பார்த்து இணைப்பு மாற்றுபவர். "பெரொம்பாக் மாசோக் ரூமா" (கொள்ளைக்காரன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான்) என்ற மூன்று சொல்லும் தாமானின் பெயரும் பாட்டிக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

எல்லாம் தவறி நேருக்கு நேர் நிற்க வேண்டி வந்தால், நகையும் பணமும் போகட்டும். வந்தவன் வெளியேறும் வழியில் நிற்கக் கூடாது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தன்னையும் பிறரையும் சொத்தையும் காக்கும் உரிமையைத் தருகின்றன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியாக வந்தவை அவை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்கும்போது அந்த உரிமை மிக விரிந்தது. ஆனால் 99ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது. காப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டிக் காயம் செய்யக் கூடாது. பிடிபட்டுக் கீழே கிடப்பவனைத் தெருவே கூடி அடிப்பதற்கு இந்தப் பிரிவுகளில் இடமில்லை. அப்படி அடித்தவர்கள் மறுநாள் தாங்களே விசாரணைக்குப் போக நேரிடும்.

கிரில்லுக்கு இன்னொரு முகம் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2012இல் வெளியான அமெரிக்க யுஎல் ஆய்வகச் சோதனைகளில், பஞ்சும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய ஹால்கள் ஐந்து நிமிடத்துக்குள் முழுதாகத் தீப்பற்றிக்கொண்டன. பழைய காலச் சாமான்கள் வைத்த அறைகளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. கொள்ளைக்காரனை ஐந்து நிமிடம் வெளியே நிறுத்தும் அதே இரும்பு, நெருப்பு நாளில் குடும்பத்தை ஐந்து நிமிடம் உள்ளே நிறுத்திவிடும். கிரில் வீடுகளில் சாவி கிடைக்காமல் உயிர்கள் போயிருக்கின்றன. சாவியைத் தலையணைக்கடியில் வைப்பவர்களும் உண்டு, கைப்பையில் போட்டு மறந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். கிரில்லுக்கு அருகே, வெளியிலிருந்து குச்சி விட்டு எட்ட முடியாத ஓர் ஆணியில், வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் கையெட்டும் உயரத்தில் அது தொங்க வேண்டும். கூடும் அறையின் ஜன்னல் கம்பியும் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வீட்டில் ஒவ்வொருவரும் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனை முதல் தடவை தோற்கும்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது இவ்வளவுதான். லயனில் இருந்த காதை மீட்பதற்கு அக்கம்பக்கம் வேண்டும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் பிற்பாதியில் நடந்த திட்டம் குற்றவியலில் பெயர் பெற்றது. ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கே மறுபடியும் திருடன் வருகிறான் என்று கண்டு, அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பூட்டுகளையும் மாற்றினார்கள். மூன்றே ஆண்டில் வீடு புகுதல் முக்கால்வாசி குறைந்தது. தொற்றுநோய் பரவும் கணிதத்தை வைத்துப் பிறகு வந்த ஆய்வுகள், ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த இரண்டு வாரங்களுக்குப் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்று காட்டின. நம் நாட்டில் 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு இந்த வேலைக்கென்றே இருக்கிறது, 2012இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. பல தாமான்களில் அது பெயர்ப்பலகையாகவும் வாட்ஸ்அப் குழுவாகவும் சுருங்கிக் கிடக்கிறது. குழுவில் காலை வணக்கப் படங்கள் நிறைய வரும், ராத்திரி மூன்று மணிக்கு எல்லோருடைய கைப்பேசியும் ஊமையாக இருக்கும். முழுத் தாமானையும் திரட்ட வேண்டியதில்லை. இடம், வலம், எதிர், பின்சந்து என நான்கு வீட்டார் ஒருவர் எண்ணை ஒருவர் ராத்திரியிலும் ஒலிக்கும்படி மாற்றி வைத்து, நீளமாகக் கார் ஹார்ன் கேட்டால் வெளிவிளக்கைப் போட்டு 999க்கு அடிப்பது என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டில் மலாய்க்காரர், எதிரே சீனர் என்று இருந்தாலும் இந்த ஏற்பாட்டைப் பேசி முடிக்க ஒரு மாலைநேரத் தே தாரிக் போதும்.